இணைய வகுப்பில் படம் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் புரட்சியைப் பாடமாக எடுக்கும்போது கோட்டை அகழியின் போட்டோவைத்தான் பலரும் முதலில் போடுகிறார்கள். கண்ணுக்கு அழகான படம்தான். ஆனால் 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் பிடித்த கோட்டை அன்றைக்கே எப்படி மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. விடை ஆற்காட்டில் இருக்கிறது. அங்கிருந்துதான் ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். வெள்ளைத் தாளில் இரண்டு புள்ளி வையுங்கள்: ஆற்காடு, வேலூர். நடுவே ஒரு கோடு, மேலே 'சுமார் 25 கி.மீ.' உதவி எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். படத்தை எடுத்துவிட்டாலும் பாடத்தில் எதுவும் குறையாது என்றால் அந்தப் படம் வேண்டாம்.

அடுத்தது, பெயர்களைப் படத்துக்கு வெளியே தள்ளுவது. பாலாற்று வரைபடத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு, விளக்கத்தை ஓரத்தில் அடுக்கினால், கண் இங்கும் அங்கும் ஓடியே களைத்துவிடும். நந்தி மலை, வேலூர், கடலில் கலக்கும் வயலூர் என்று அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டவும் வேண்டாம். நந்தி மலையைப் பற்றிப் பேசும்போது அது மட்டும் தெரியட்டும். ஆந்திரத்தைத் தாண்டி வேலூருக்கு வரும்போது அடுத்த பெயர் வரட்டும். புதுப் படம் வந்ததும் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். பார்க்கவும் நேரம் வேண்டும்.

ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதி அதையே வாசிப்பதும் பெரிய தவறு. பிள்ளைகள் உங்களைவிட வேகமாக வாசித்து முடித்துவிடுவார்கள். வாசிப்பும் கேட்பும் ஒன்றோடொன்று மோதி, இரண்டுமே நிற்காது. திரையில் படமும் நாலைந்து சொல்லும் போதும், மீதியைக் குரல் சொல்லட்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் பார்ப்பது வீட்டில் இருக்கும் ஒரே செல்போனில். கம்ப்யூட்டரில் தெளிவாகத் தெரியும் 16 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து அதில் எறும்பாகிவிடும். 28 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள். அனுப்புமுன் உங்கள் போனிலேயே திறந்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம். சரி பச்சை, தவறு சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். டிக், பெருக்கல் குறியும் சேர்த்துப் போடுங்கள். பார்வையற்ற மாணவர் இருந்தால், 'இங்கே பாருங்கள்' என்று நிறுத்தாமல், படத்தில் இருப்பதை வாயால் சொல்லுங்கள்.

பீஞ்சமந்தை மாதிரி மலையூர்களில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் வீடியோ பாதியில் நிற்கும். முக்கியமான இரண்டு மூன்று படங்களை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், வரைபடத்தின் சின்ன எழுத்தெல்லாம் மங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.