ஐஸ் போட்ட அக்கானி: ருசி பார்த்துக் குடிக்கும் முறை

அக்கானியில், அதாவது பனையிலிருந்து இறக்கும் பதநீரில், ஐஸ் போடும் முன் ஒரு வாய் வெறுமனே குடித்துப் பாருங்கள். குளிர் ஏறினால் நாக்கில் இனிப்பு மட்டுப்படும், மணம் அடங்கும். கெட்டுப்போகத் தொடங்கிய அக்கானிகூட அப்போது நல்லதுபோலத் தொண்டையில் இறங்கிவிடும்.

குமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் மாசி முதல் வைகாசி வரை அக்கானிக் காலம். காலையில் பனையிலிருந்து இறக்கிய கையோடு வாங்குவதே சரி. கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்புதான் அதைக் கள்ளாக விடாமல் தடுக்கிறது. வெயில் ஏற ஏற அந்தத் தடுப்பு தளர்ந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவர எவர்சில்வர் தூக்குவாளி எடுங்கள். அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். ஐஸைத் தூக்குவாளியைச் சுற்றி வையுங்கள், உள்ளே போடாதீர்கள்.

கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஐந்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். அடியில் படியும் வெள்ளை வண்டல் சுண்ணாம்பு, அது குற்றமில்லை. தெளிவை மட்டும் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓரத்தில் பொடிக் குமிழிகள் விடாமல் எழும்பினால் புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இறுத்ததில் ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படும்படி மூன்று நான்கு விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். நல்ல அக்கானியில் இனிப்பு முதலில் வந்து சீக்கிரம் விலகும், பின்னால் லேசாகச் சுண்ணாம்பு தெரியும். நாக்கு சொரசொரத்து உதடு எரிந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது. இனிப்பு தொண்டையிலேயே நின்று கசப்பில் முடிந்தால் சாக்கரின் கலந்திருக்கலாம், அதை வாங்காதீர்கள்.

சந்தேகமிருந்தால் வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி அக்கானி விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்குங்கள். செம்மை ஏறினால் சுண்ணாம்பு இன்னும் வேலை செய்கிறது. மஞ்சளாகவே நின்றால் அதன் வலு தீர்ந்துவிட்டது. அந்த அக்கானியைக் காத்து வைக்க முடியாது.

இனி ஐஸ். 200 மில்லி அக்கானியில் 25 கிராம் கட்டி இரண்டு போட்டால், கரைந்து முடியும்போது 50 மில்லி தண்ணீர் சேர்ந்திருக்கும். கடைசி மடக்கு சப்பென்று போவது இதனால்தான். அதற்குப் பதில், முந்தின நாள் வாங்கியதில் தெளிவை ஐஸ் தட்டில் ஊற்றி இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். சர்க்கரை இருப்பதால் கட்டி கொஞ்சம் இளகலாகத்தான் உறையும், பரவாயில்லை. மூன்று கட்டி போட்டு இரண்டு நிமிடம் கழித்துக் குடித்தால் கடைசி வரை ருசி மாறாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் மீனுக்குப் போகும் பார் ஐஸ் குடிக்க ஆகாது. அதை உடைத்துப் போடுகிற கடையில் ஐஸ் இல்லாமல் கேளுங்கள்.

மாங்காய் பிடிக்குமென்றால் மெல்லிய கீற்று நாலைந்து போட்டுப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். புளிப்பு சுண்ணாம்பின் உறைப்பை முறித்துவிடும். ருசி பார்த்து முடித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் புளிப்பு மாங்காயுடையதா அக்கானியுடையதா என்று தெரியாது.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே குடித்துவிடுங்கள். மூடியை இறுக்கி மூடாதீர்கள், புளித்தால் காற்று அழுத்தம் கட்டும். காய்ச்சுவதாக இருந்தால் உச்சிக்கு முன்பே அடுப்பில் ஏற்றுங்கள். புளித்த அக்கானியை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகாக ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர, கருப்பட்டியாக உறையாது.