ஹுல கற்பவர்கள் விடும் பிழைகள்

ஹவாயித் தீவுகளிலிருந்து வெகு தொலைவில், லாஸ் வேகஸிலும் கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும், அத்தீவுகளின் பாட்டோடு கூடிய நடனமான ஹுல கற்பவர்கள் ஏராளம். முழங்காலை மடக்காமல் நிற்பது, தாளத்துக்கு முந்தி ஓடுவது போன்றவற்றை ஆசிரியர் முதல் மாதத்திலேயே திருத்திவிடுவார். கீழே இருப்பவை ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்பவை. இன்று கற்றுத்தருகிறவர்கள் பலரும் ஒரு காலத்தில் இதே பள்ளங்களில் விழுந்தவர்கள்தாம்.

சொல்லைச் சரிபார்க்காமல் கையசைவைப் பழகுவது

ஹவாயி மொழியில் ‘கொʻஉ’ என்றால் என்னுடைய. ‘கொஉ’ என்றால் உன்னுடைய. நடுவிலுள்ள சிறு குறிக்கு ʻஒகின என்று பெயர். அது வெறும் குறியல்ல, ஒரு மெய்யெழுத்து: தொண்டையில் மூச்சை ஒரு கணம் அடைத்து விடும் ஒலி. வாயைத் திறக்காமல் ‘ம்ʻம்’ என்று மறுக்கும்போது தொண்டையில் ஒரு வெட்டு விழுகிறதே, அதுதான்.

அதை விழுங்கிவிட்டால் ‘கொʻஉ அலொஹ’ (என் அன்பு) உன் அன்பாகிவிடும். ஹுலவில் கை சொல்லின் பொருளைக் காட்டுவது. தன் மார்புக்கு வரவேண்டிய கை எதிரே இருப்பவரை நோக்கி நீளும். ஆறு மாதம் அப்படியே பழகிய உடம்பைத் திருப்புவது, புதுப் பாட்டொன்றைக் கற்பதைவிடக் கடினம். வகுப்புக்கு வகுப்பு இதையே பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. ஒரே ஒரு மாலை அகராதியோடு உட்கார்ந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

பிழையின் வேர் பழைய அச்சில் இருக்கிறது. 1834 முதல் 1948 வரை ஹவாயி மொழியில் செய்தித்தாள்கள் வந்தன. கதைகளும் பாடல்களும் அவற்றில் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் ʻஒகினவும் இல்லை, நெடிலைக் காட்டும் மேற்கோடான கஹகோவும் இல்லை. மொழி தெரிந்தவர்களுக்கு அவை தேவைப்படவில்லை. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி என்று சட்டம் வந்தபின், அந்த அச்சைத் தானாகச் சரியாக வாசிக்கக்கூடியவர்கள் அருகிப்போனார்கள். மற்ற இடங்களில் குறியை விட்டுவிட்ட மிஷனரிகள்கூட, 1839இல் முழுமையாக வெளிவந்த பைபிளில் என்-உன் சோடியை மட்டும் குறியிட்டுப் பிரித்தார்கள். அங்கே மாறினால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே குழம்பிவிடும்.

தமிழில் எழுதிவைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து குறில்களும் அவற்றின் நெடில்களும் ஹவாயியில் அப்படியே இருக்கின்றன. எனவே ஹூலா அல்ல, ஹுல. அலோஹா அல்ல, அலொஹ. எரிமலைத் தெய்வம் பீலே அல்ல, பெலெ. சில சொற்களில் நெடில் பன்மையையும் காட்டும்: குபுன என்றால் முன்னோர் ஒருவர், கூபுன என்றால் பலர்.

ஆனால் நம் நாக்கில் இரண்டு பழக்கங்கள் குறுக்கே வரும். ஒன்று, உயிருக்குப் பக்கத்தில் உயிர் வந்தால் உடம்படுமெய் தானாக நுழைந்துவிடும். ʻஒகின இருக்கவேண்டிய இடத்தில் ய், வ் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹவைʻஇ நம்மிடம் ஹவாயி என்று ஒலிப்பதைப் பாருங்கள். இரண்டு, சொல் நடுவில் வரும் க, ப மெலிந்துவிடும். ஹவாயியில் அவை மெலிவதில்லை. குபுனவில் உள்ள ப, ‘பட்டம்’ என்பதன் ப. அந்த எழுத்துகளின் கீழே கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும் முறை இது. பாட்டை வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த அகராதியில் (முதற்பதிப்பு 1957, விரிவான பதிப்பு 1986) ஒவ்வொரு சொல்லையும் தேடுங்கள். குறியில்லாத ஒரு வடிவத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தினால் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள்: ‘கை’ கடல், ‘கʻஇ’ ஆடுபவர்கள் அரங்குக்குள் வரும் நடை. பிறகு அந்த மொழியிலேயே வளர்ந்த ஒருவர் பாடிய பதிவைக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின்னும் சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம், அதாவது குமுவிடம், கேளுங்கள், ஊகிக்காதீர்கள். கையை அசைக்காமல் பத்து முறை சொல்லிப் பார்த்த பிறகே ஆட்டத்துக்குப் போங்கள்.

கதை சொல்பவர்களுக்கும் இது பொருந்தும். பெலெயின் தங்கை ஹிʻஇஅக முட்டை வடிவில் அக்காளின் மார்பணைப்பில் தீவுகளுக்கு வந்தவள் என்பது மரபு. ‘ஹிʻஇ’ என்றால் கையில் அணைத்துச் சுமப்பது. ʻஒகினவை விட்டுவிட்டுப் பெயரைச் சொன்னால் பெயருக்குள் இருக்கும் கதை போய்விடும்.

பெலெயின் சாபத்தைப் பழங்கதையாகச் சொல்வது

எரிமலைக் கல்லை எடுத்தால் பெலெ தண்டிப்பாள் என்பது 20ஆம் நூற்றாண்டில் பரவிய பேச்சு. பழைய பெலெ கதைகளோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். தேசியப் பூங்காவில் கல் எடுப்பது சட்டப்படியும் குற்றம். அஞ்சலில் திருப்பி அனுப்பினாலும் எடுத்த இடத்தில் அதை வைக்க முடியாது. அது எங்கே கிடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

புல் பாவாடை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசிபிக்கின் கில்பர்ட் தீவுகளிலிருந்து (இன்று கிரிபாட்டி நாட்டின் பகுதி) வந்தது. பழைய ஹுலவுக்கு மரப்பட்டைத் துணியான கபவில் செய்த பாʻஊ என்னும் பாவாடை, அல்லது ‘டீ’ (ti) என்ற செடியின் இலை; தேயிலை அல்ல.

லெய் மாலையைக் குப்பையில் போடுவது

நூலை அறுத்துத் தனியே எடுங்கள்; நைலான் நூல் மண்ணில் மக்காது, பறவைகளின் காலில் சிக்கும். பூவையும் இலையையும் ஒரு மரத்தடியில் இடுங்கள். கர்ப்பிணிக்குக் கொடுப்பதானால் முனைகளை முடிச்சிட்டு இணைக்காத திறந்த மாலை.

சுரைத் தாளக்கருவி

வெறுந்தரையில் இடிக்காதீர்கள். கீழே மடித்த துணி. இல்லையென்றால் விரிசல் விடும்.