ஊருக்கு வந்த ஃபைபர் வீட்டுக்கு வருவதற்குள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊராட்சிகளை ஃபைபர் இணையத்தால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கேபிள் கொண்டுபோகும் பொறுப்பு, சென்னையில் இருந்து இயங்கும் தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. அந்த வேலை ஊராட்சி அலுவலகத்தோடு முடிகிறது. அங்கிருந்து வீடு வரை நடப்பது லோக்கல் ஆபரேட்டர் கையிலும் நம் கையிலும் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்துக் கிராமங்களில் புது இணைப்பு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

"பஞ்சாயத்துக்கு 1 ஜிபிபிஎஸ், அப்போ நமக்கும் அதே"

அப்படி இல்லை. வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் ஜிபான் முறையில், அதாவது ஒரு ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் முறையில், வருகின்றன. ஆபரேட்டர் பக்கம் இருக்கும் ஓஎல்டி பெட்டியின் ஒரு போர்ட்டில் கிடைப்பது சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதை 64 வீடுகளுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்கும்போது ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான். 32 வீடு என்றால் 78. இணைப்பு எடுக்கும் முன் ஆபரேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஒரு போர்ட்டில் எத்தனை வீடு?" என்பதுதான். மாத வாடகையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

ஒளிக் கணக்கைப் போடாமல் கேபிள் இழுப்பது

பெரும்பாலான தகராறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஓஎல்டியில் இருந்து +3 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) ஒளி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றில் சுமார் 10.5 டிபி (ஒளி இழப்பைச் சொல்லும் அலகு) போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வைத்தால் 21. எட்டு கிலோமீட்டர் ஃபைபருக்கு, கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.8. நான்கு கனெக்டருக்கு 1.2, ஃபைபரை ஒட்டிய இடங்களான பத்து ஸ்ப்ளைசுக்கு 1. மொத்தம் 26 டிபி. வீட்டு மோடத்துக்கு, அதாவது ஓஎன்டிக்கு, வந்து சேர்வது −23 டிபிஎம். வழக்கமான ஓஎன்டி −27 வரை தாங்கும். மிச்சம் வெறும் 4 டிபி. 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும் என்பதால் இது பெரிய மிச்சம் இல்லை. "இன்னும் ரெண்டு வீடுதானே" என்று நடுவில் ஒரு ஸ்பிளிட்டரைச் சொருகினால் அதோடு அதுவும் தீர்ந்தது.

ஓஎல்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்கு ஸ்பிளிட்டர் இல்லாமல் கொடுப்பதும் தவறுதான். −8 டிபிஎம்மை விட அதிக ஒளி வந்தால் ஓஎன்டி திணறும். அங்கே ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வேண்டும்.

ஒளியை அளக்கும் பவர் மீட்டரை 1490 நானோமீட்டரில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பக்கம் வரும் ஒளியின் அலைநீளம் அது. வேறு எண்ணில் வைத்து அளந்தால் காட்டும் கணக்கு சரியாக இருக்காது.

பச்சையையும் நீலத்தையும் சேர்த்துச் சொருகுவது

பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலத்தின் முனை நேரானது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகும், ஆனால் நடுவில் இடைவெளி விழும். 3 டிபிக்கு மேல் வீணாகும், முனையும் சேதமாகும். மேலே சொன்ன 4 டிபியை இதுவே தின்றுவிடும்.

தூசியும் இதே வேலையைச் செய்யும். ஒளி போகும் மையம் 9 மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத துகள்கூட அதை மறைக்கும். சட்டை நுனியில் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், இழை உதிராத துடைப்பான், கழற்றியவுடன் மூடி: இவ்வளவு போதும். முனைக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

கேபிள் போகும் வழி

வீட்டுக்கு இழுக்கும், இரும்புக் கம்பியோடு வரும் டிராப் கேபிளை ஈபி கம்பங்களில் கட்டுவது உயிருக்கே ஆபத்து. மின்கம்பி அறுந்து அதன்மேல் விழுந்தால் மின்சாரம் நேராக வீட்டுச் சுவர் வரை வரும். கம்பம் மாறிக் கம்பம் போகும் இடத்தில், உலோகமே இல்லாத ஏடிஎஸ்எஸ் கேபிள்தான் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே கெடுவது பெரும்பாலும் கேபிள்களை ஒட்டி வைக்கும் ஜாயின்ட் பாக்ஸ். கேபிள் நுழையும் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் இடத்தில் கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டுக்குள் ஓட்டும் வெள்ளைக் கேபிளை வெயிலில் விட்டால் மேலுறை வெடிக்கும். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மாதிரிப் புயலில் மரம் சாய்ந்து அறுந்தால் மறுபடி ஒட்ட, ஜாயின்ட் பாக்ஸ் பக்கம் பத்து மீட்டரும் வீட்டுப் பக்கம் மூன்று மீட்டரும் சுருட்டி வையுங்கள். எந்த ரகக் கேபிள் என்று தெரியாவிட்டால் டீ கிளாஸ் வாயளவை விடச் சிறிதாகச் சுருட்டாதீர்கள். மடிந்த இடத்தில் ஒளி கசிந்துபோகும்.

மினி யூபிஎஸ் வாங்கும்போது

கரண்ட் போனால் ஓஎன்டியும் அணைந்துவிடும். பெட்டியில் 8,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. சுமார் 30 வாட் அவர். 8 வாட் எடுக்கும் ஓஎன்டியை, இழப்பு போக, மூன்று மணி நேரம் ஓட்டும். அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆபரேட்டரின் ஓஎல்டிக்கு பேக்கப் இல்லையென்றால் உங்கள் யூபிஎஸ்ஸால் பயன் இல்லை. அதையும் முதலிலேயே கேளுங்கள்.

வேகம் குறைந்தால்

வைஃபையில் அளந்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். லேன் கேபிள் போட்டு அளங்கள். அப்போதும் 95 எம்பிபிஎஸ் அருகில் முட்டி நின்றால், உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிக்குப் பதில் இரண்டு ஜோடி மட்டும் முனையில் பொருத்திய (கிரிம்ப் செய்த) கேபிளாகவோ, 100 எம்பிபிஎஸ் போர்ட்டாகவோ இருக்கலாம்.

இணைப்பு கொடுத்த அன்றே ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளி) எண்ணைத் தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி, அடாப்டர் மேல் ஒட்டுங்கள். மழைக்குப் பிறகு −21 இருந்தது −26 ஆகியிருந்தால், லைன்மேனிடம் அந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். ரவுட்டரை மாற்றிப் பார்க்காமல், அவர் நேராக ஜாயின்ட் பாக்ஸையும் கேபிள் மடிந்த இடத்தையும் தேடிப் போவார்.