குலுக்கிப் பார்த்து வைக்க வேண்டிய ஐஸ் பொதி

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் பேருந்தில் கொண்டுசென்ற இன்சுலினைப் போட்டும், அம்மாவின் சர்க்கரை இறங்கவே இல்லை. சோதனைப் பட்டைகளை மாற்றிப் பார்த்தோம், வெயிலைச் சந்தேகித்து, அடுத்த பயணத்தில் ஐஸ் பொதிகளைக் கூட்டினோம், பயனில்லை. பிறகு, பால்போல் கலங்கலாக இருக்க வேண்டிய அந்த மருந்தை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டியபோது, குப்பியின் உட்புறத்தில் வெண்துகள்கள் ஒட்டியிருந்ததைக் கண்டேன்: அது சூட்டால் அன்று, உறைந்ததால் கெட்டிருந்தது. உறைந்த இன்சுலினை இளக்கியும் பயன்படுத்தக் கூடாது. 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய குப்பியில், உறைபெட்டியிலிருந்து நேரே எடுத்த பொதி முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இம்முறை பொதியை வெளியில் வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, புதிய குப்பியைத் துவாயில் சுற்றி வைத்தேன். தடுப்பூசி கொண்டுசெல்வோர் பொதியைப் பதப்படுத்தும் முறையும் இதுவே. கொழும்பில் பெட்டிக்குள்ளிருந்த வெப்பமானி 6 பாகை காட்டியது; அம்மாவின் சர்க்கரையும் இறங்கியதில் பெரும் நிம்மதி.