மென்பொருள் பணிக்குத் தயாராக விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்), பி.இ. கணினி அறிவியல் மாணவர்களுக்கான விருப்பப் பாடங்கள் டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக் டெவலப்மென்ட், கிளவுட் கம்ப்யூட்டிங், சைபர் செக்யூரிட்டி முதலிய தொகுதிகளாக அமைந்துள்ளன. நண்பர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காகவோ, மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று சீனியர்கள் சொன்னார்கள் என்பதற்காகவோ இவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள், தங்களுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பை இழக்கிறார்கள்.

முதலில், பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், சிலபஸின் ஐந்து யூனிட்களையும் படியுங்கள். ஒரு கருவியைப் பயன்படுத்தும் முறையை மட்டும் சொல்லித்தரும் பாடமா, அது ஏன் அப்படி இயங்குகிறது என்பதையும் விளக்கும் பாடமா என்று பாருங்கள். தரவை அட்டவணைகளாக அமைக்கும் ரிலேஷனல் மாதிரியைக் கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்தார்; இன்றைய மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகிய டேட்டாபேஸ்கள் அதன் மீதுதான் எழுந்து நிற்கின்றன. ஆகவே இண்டெக்ஸ் ஏன் தேடலை விரைவாக்குகிறது, டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய தரவு மாற்றங்களின் தொகுப்பு) பாதியில் நின்றால் தரவுக்கு என்ன ஆகும் என்பவற்றைத் தெளிவாக அறிந்தவர், பணியிடத்தில் எந்த டேட்டாபேஸைக் கொடுத்தாலும் தடுமாற மாட்டார். ஆனால் செயலிகளை விரைவாக உருவாக்க உதவும் ஆயத்த நிரல் கட்டமைப்புகளான ஃபிரேம்வொர்க்குகளுக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் இல்லை.

ஃபுல் ஸ்டாக் தொகுதியில் பலரும் வெப் டெக்னாலஜீஸ், ஆப் டெவலப்மென்ட் ஆகியவற்றையே நாடுகிறார்கள். அவை பயனுள்ளவைதான், ஆனால் அதே தொகுதியிலுள்ள சாஃப்ட்வேர் டெஸ்டிங் அண்ட் ஆட்டோமேஷன் பாடத்தை விட்டுவிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். பணியில் பெரும்பகுதி நேரம், பிறர் எழுதிய நிரலைப் படித்து, இயங்கிக்கொண்டிருப்பதைக் கெடுக்காமல் திருத்துவதிலேயே கழிகிறது. ஆய்வக வகுப்பில் ஒருமுறை ஓடினால் போதும் என்று எழுதிப் பழகியவருக்கு அந்தப் பொறுப்பு புதிதாகவே இருக்கும். பிரின்சிபிள்ஸ் ஆஃப் புரோகிராமிங் லாங்குவேஜஸ் கடினமானதுதான், ஆயினும் அதைப் படித்தவர் புதிய மொழிகளை விரைவில் கற்றுக்கொள்வார்.

மெக்கானிக்கல், இசிஇ போன்ற பிற துறை மாணவர்கள் ஓப்பன் எலெக்டிவ் (பிற துறைப் பாடங்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம்) பட்டியலில் டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் போன்ற அடிப்படைப் பாடங்கள் இருந்தால் அவற்றுக்கே முதலிடம் தர வேண்டும். இல்லையெனில் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் வழியாகப் படிக்கலாம். கிரெடிட் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே துறையில் கேட்டுவிடுங்கள்.

2021 ரெகுலேஷனில், கூடுதல் பாடங்களைப் படித்துப் பெறும் ஹானர்ஸ் பட்டத்துக்குக் கூடுதலாக 18 கிரெடிட்கள் தேவை. அரியர் இருப்பவர்களும், சொந்தமாக ஒரு புராஜெக்ட்டைத் தொடங்கி வளர்த்துக்கொண்டிருப்பவர்களும் அந்த நேரத்தை அவற்றுக்கே செலவிடுவது நல்லது.

பட்டியலில் இருக்கும் எல்லாப் பாடங்களையும் ஒவ்வொரு கல்லூரியும் நடத்துவதில்லை. நீங்கள் விரும்பும் பாடத்தில் ஆர்வமுள்ள வகுப்புத் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, பதிவு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே துறைத் தலைவரைச் சந்தித்து எழுத்துமூலம் கேளுங்கள்.