காவிரி டெல்டாவில் பழைய பேஸ்பால் அட்டைகள்: வாங்குவதும் காப்பதும்

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் அமெரிக்காவில் பிள்ளைகள் இல்லாத தெரு இன்று அரிது. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் சாக்லேட்டுகளோடு சில சமயம், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளும் வந்து சேர்கின்றன. அவற்றைக் கண்டு ஆர்வம் பிறந்து, பழைமையும் மதிப்பும் உள்ள அட்டைகளைச் சேர்க்க விரும்புகிறவர், முதலில் ஓர் அட்டை எந்த ஆண்டில் அச்சானது என்று கண்டறியப் பழக வேண்டும். அட்டையின் பின்புறம் ஆட்டக்காரரின் ஆண்டுவாரிக் கணக்கு இருந்தால், அதன் கடைசி ஆண்டுக்கு அடுத்த ஆண்டே பெரும்பாலும் அட்டை வெளியான ஆண்டாகும். அது 1980களின் பிற்பகுதியாகவோ 1990களின் தொடக்கமாகவோ இருந்தால், விலையைப் பற்றிய கனவை அங்கேயே விட்டுவிடலாம். அந்த ஆண்டுகளில் அட்டைகள் அளவுக்கு மீறி அச்சடிக்கப்பட்டன; பிற்காலத்தில் விலை ஏறும் என்று நம்பி எல்லோரும் பத்திரப்படுத்தியதால் இன்றும் அவை குவிந்து கிடக்கின்றன.

சேகரிப்பாளர்கள் பழைய அட்டை என்று மதிப்பவை பெரும்பாலும் 1980க்கு முந்தையவை. அவற்றுள் மூத்த வரிசைகளில் புகழ்பெற்றது, 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வெளியிட்ட டி206 வரிசை. ஏறத்தாழ 3.7 செ.மீ. அகலமும் 6.7 செ.மீ. உயரமும் உள்ள இச்சிறு அட்டைகளின் பின்புறத்தில் பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் போன்ற சிகரெட் பெயர்கள் அச்சாகியிருக்கும். இவ்வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டதால், அது இன்று பல லட்சம் டாலர் பெறும் அரும்பொருளாகிவிட்டது. அடுத்து 1933இல் கவுடி நிறுவனம் சூயிங்கத்தோடு தந்த வண்ண அட்டைகள் வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத்துக்கு மட்டும் 4 அட்டைகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பவ்மன், டாப்ஸ் என்னும் இரு அட்டை நிறுவனங்கள் போட்டியிட்டன. 1956இல் பவ்மனை டாப்ஸே வாங்கிக்கொண்டது.

டாப்ஸ் 1952இல் வெளியிட்ட 407 அட்டைகளின் கதையைத் தெரிந்துகொண்டால் விலை எதனால் ஏறுகிறது என்பது விளங்கும். 311ஆம் எண் முதல் உள்ள அட்டைகள் ஆட்டப் பருவத்தின் இறுதியில் கடைக்கு வந்தமையால் விற்காமல் தேங்கின. பல ஆண்டுகள் கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த அந்தச் சரக்கை நிறுவனமே படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அதனால் எஞ்சியவை அரிதாயின. 311ஆம் எண்ணுக்குரிய, மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இத்தனைக்கும் அது அவருடைய முதல் அட்டையன்று. முதல் அட்டை 1951ஆம் ஆண்டின் பவ்மன் வரிசையில் உள்ளது.

இத்தகைய பெயர்களைத் துரத்துவது நம் வேலையன்று என்பதே என் கருத்து. பல ஆயிரம் மைல் தொலைவிலிருந்து, கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கும் நமக்கு, புகழ்பெற்ற ஆட்டக்காரரின் சந்தேகத்துக்குரிய அட்டையைவிட, பெயர் தெரியாத ஆட்டக்காரரின் ஐயமற்ற அட்டையே மேலானது. கள்ளப் பதிப்பு போடுகிறவன் பேப் ரூத்தைத்தான் அச்சடிப்பானே தவிர, ஒரு பருவம் ஆடிவிட்டு மறைந்தவரை அச்சடிக்க மெனக்கெட மாட்டான். முனை மழுங்கிய ஒரு சாதாரண டி206 அட்டை நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கும். 1960களின் சாதாரண டாப்ஸ் அட்டைகளுக்குச் சில டாலர்கள் போதும்.

அட்டை கைக்கு வந்ததும் சோதிப்பதற்கான கருவிகள் நம் ஊர்களிலேயே உள்ளன. நகை செய்யும் பத்தரிடம் உள்ள, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வாங்கி, படத்துக்குக் கீழே பழுப்பு மையில் உள்ள ஆட்டக்காரரின் பெயரைப் பாருங்கள். உண்மையான டி206 அட்டையில் எழுத்தின் உடல் முழுவதும் ஒரே மையாக நிறைந்திருக்கும். படமெடுத்து மறுபதிப்பு செய்த அட்டையிலோ, எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். விளிம்பும் கூர்மையாக இராது. அடுத்து, கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டில் அட்டையின்மேல் காட்டுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1940களின் பிற்பகுதிக்குப் பின்னரே காகிதத்தில் கலக்கப்பட்டன. ஆகவே போருக்கு முந்தையது என்று சொல்லப்படும் அட்டை நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்தால் அது போலி. பின்புறத்தில் ஓரிடம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தால், அங்கே மறுபதிப்பு என்ற சொல் இருந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

ஓரத்தை வெட்டிச் சீராக்கும் மோசடி இவற்றைவிட நுட்பமானது. தரம் பிரித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் பிஎஸ்ஏ நிறுவனம் 1991இல் முதன்முதலாகத் தரமிட்டது ஒரு வாக்னர் அட்டையை; அதற்கு 8 மதிப்பெண் கிடைத்தது. அதன் ஓரங்கள் வெட்டப்பட்டவை என்பதை அதை முன்பு விற்றவரே 2013இல் ஒப்புக்கொண்டார். ஆகவே கூட்டில் அடைத்த அட்டையை வாங்கினாலும், அதன் சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்ப்பதோடு, அங்குள்ள படமும் கையிலுள்ள அட்டையும் ஒன்றுதானா என்றும் ஒப்பிட வேண்டும். தபாலிலோ கூரியரிலோ வரவழைத்தால் சுங்க வரி உண்டு. அதையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

வாங்கியதைக் காப்பதுதான் டெல்டாவில் கடினமான பகுதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியே உலராத காற்றில், அட்டை ஈரத்தை உறிஞ்சி வளைந்து, பூஞ்சை பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்து தகரப் பெட்டியைத் துருவாக்கி, அந்தத் துருவை அட்டையில் இறக்கும். ஒவ்வோர் அட்டையையும் பாலிப்ரொப்பிலீன் உறையில் இட்டு, கெட்டியான மேலுறையில் செருகி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பழைய கல்யாண ஆல்பங்களில் உள்ள நெடி வீசும் மெல்லிய பிவிசி உறைகள் நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். டப்பாவை மழைச் சாரல் படும் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், மாடி இருந்தால் அங்கே உட்சுவர் ஓரமாக உள்ள பீரோவில் வைக்கலாம்.

இராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவது நம் வீட்டு வழக்கம். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்பதால் அட்டைகள் உள்ள டப்பாவுக்குள் அது கூடாது. ஓலைச்சுவடிக்குத் தைலம் பூசுவதைக் கண்டவர்கள் இதற்கும் பூச நினைக்கக்கூடும். காகிதத்தில் எண்ணெய் பட்டால் கறை நீங்காது. ஈரத்தை இழுக்கும் என்று அரிசிக்குள் புதைத்தால் வண்டுதான் வரும். ரேஷன் கார்டைப் போல ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்துவிட்டாலோ, அட்டையின் விலை அன்றோடு முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் டப்பாவை அடிக்கடி திறக்காமல், தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு ஒரு வெயில் நாளின் நண்பகலில் நிழலில் வைத்துத் திறந்து, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டுப் புதிய பைகளை வைத்து மூடுங்கள்.