சனிக் கோள் வெளிச்சத்தில் ஒரு சுவர்த் தோட்டம்

1972இல் வந்த 'சைலண்ட் ரன்னிங்' படத்தில் பூமியின் கடைசிக் காடுகளைக் கண்ணாடிக் கூண்டுகளில் வைத்து விண்வெளியில் காப்பாற்றுவார்கள். சனிக் கோளைத் தாண்டியதும் செடிகள் வாடும். காரணம் புரியாமல் தாவரவியல் தெரிந்த ஆளே தவிப்பார். கடைசியில்தான் உறைக்கும்: வெளிச்சம் போதவில்லை! சனிக்குக் கிடைக்கும் சூரிய ஒளி நமக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய 90இல் ஒரு பங்குதான்.

அவரைப் பார்த்துச் சிரித்த நான், சென்னையில் எங்கள் பால்கனிச் சுவரில் முப்பது தொட்டிகளை மாட்டி, மூன்றே வாரத்தில் பாதியைப் பறிகொடுத்தேன். எதிரே எழும்பிய மூன்று மாடிக் கட்டடத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. "அப்பா, நம்ம சுவரும் சனிக்கிட்ட போயிடுச்சு" என்றாள் மகள்.

அதனால் தொட்டி வாங்கக் கிளம்பும் முன் நிழலைப் பாருங்கள். சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒரு அடி தள்ளிக் கையை நீட்டுங்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை. நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் கற்பூரவல்லி, ரியோ, பசலை எல்லாம் வரும். மங்கலாக விழுந்தால் மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், வெற்றிலை. நிழலே இல்லையென்றால் எல்இடி விளக்குதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2015இல் வீரர்கள் தின்ற லெட்யூஸ் கீரையும் எல்இடி வெளிச்சத்தில் வளர்ந்ததுதான். அங்கே போல ஊதா விளக்கெல்லாம் நமக்குத் தேவையில்லை. 20 வாட் வெள்ளை டியூப்பை ஒரு அடி தூரத்தில் வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் போதும்.

அடுத்தது எடை. தண்ணீர் ஊற்றிய ஒரு தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 2 கிலோ 100 கிராம். முப்பதுக்கு 63 கிலோ! இதைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். இரும்பு ஆங்கிள் சட்டத்துக்குக் கால் வைத்துத் தரையில் நிற்க விடுங்கள். சுவரில் அடிக்கும் நான்கு ஆங்கர் போல்ட் சட்டம் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு அங்குலம் காற்று ஓட வேண்டும், இல்லையென்றால் ஓதம் ஏறிப் பெயின்ட் உரியும்.

பாரிஸில் கே பிரான்லி அருங்காட்சியகச் சுவரில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாத்ரிக் பிளாங்க் மண்ணே இல்லாமல் ஃபெல்ட் துணியில் செடி வளர்த்திருக்கிறார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மே மாத வெயிலில் துணியை நனைக்கும் தண்ணீர் மோட்டார் ஒரு பகல் நின்றாலே துணி காய்ந்து கருவாடாகிவிடும். நமக்குத் தொட்டிதான் சரி.

செம்மண் வேண்டாம்; கனம், இறுகியும் போகும். தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒன்று, கருக்கிய நெல் உமி ஒன்று. நார்த்தூளில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். இதைச் சோம்பேறித்தனமாக விட்டதில்தான் என் புதினா முனை கருகிச் செத்தது.

தண்ணீருக்குச் சொட்டுநீர்க் குழாயும் டைமரும். தொட்டிக்கு ஒன்றாக, மணிக்கு இரண்டு லிட்டர் விடும் முப்பது சொட்டுவான்கள். ஐந்து நிமிடத்துக்கு மொத்தம் ஐந்து லிட்டர் ஆகிறது. கோடையில் காலை, மாலை இருவேளை, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவேன். மேல் தொட்டியின் மிச்சம் கீழே வடிவதால் மேல்வரிசை சீக்கிரம் காயும், கீழ்வரிசை ஈரமாகவே கிடக்கும். ஆகவே கற்பூரவல்லி மேலே, வெற்றிலை கீழே. போர் தண்ணீர் என்றால் சொட்டுவானில் உப்பு அடைக்கும், மாதம் ஒருமுறை வினிகரில் ஊறப்போடுங்கள். ஆர்ஓ கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதை ஊற்றவே வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

அடித்தட்டில் தேங்கும் நீரை வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துவிடுங்கள், டெங்கு கொசு வளர அது போதும். அப்புறம், நான்கைந்து செடிகளைத் தரையில் ஒரு மூலையில் உபரியாக வைத்திருங்கள். சுவரில் ஒன்று சோர்ந்தால் கழற்றி வெயிலுக்கு அனுப்பிவிட்டு இதை மாட்டலாம். எங்கள் வீட்டில் அந்த மூலைக்கு மகள் வைத்த பெயர் 'பூமி'.